பார் வாங்கும் முன் கார்ப்பெட்டைத் தூக்குங்கள்

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2002 மாடல் பாலியோ 1.6 ஜிடிஎக்ஸ் வைத்திருக்கிறார். ஈஸ்டர்ன் ஃப்ரீவே வளைவுகளில் வண்டி பிடிப்பில்லாமல் தளர்வாக இருக்கிறதாம். வேகத்தடையில் சாய்வாக ஏறினால் டேஷ்போர்டு முனகுகிறதாம். ஸ்ட்ரட் பார் போடலாமா, அடியில் குறுக்குச் சட்டம் பூட்டலாமா, இல்லை பாடி இணைப்புகளையெல்லாம் வெல்டு வைத்து இறுக்கிவிடலாமா என்று கேட்கிறார். கையில் முப்பதாயிரம் ரூபாய் இருக்கிறது.

நல்ல வண்டிதான். இவர் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத குர்லா ஆலையில் ஃபியட் செய்தது. நூறு குதிரைத்திறன், கனமான பாடி, பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும் என்ற கெட்ட பெயர். அந்தப் பெயரால்தான் இன்று மலிவாகக் கிடைக்கிறது. அந்தப் பாடிதான் இந்த வண்டியின் சொத்து. புதிதாக விறைப்பு வாங்குவதற்கு முன், கம்பெனி கொடுத்த விறைப்பில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பாருங்கள்.

இந்த மாதிரிக் கார்களுக்கு லாரிபோலத் தனிச் சேஸி கிடையாது. மடித்த தகடுகளை ஆயிரக்கணக்கான ஸ்பாட் வெல்டுகளில் ஒட்டிய கூடுதான் சேஸி. வளைவில் பாரம் வெளிச் சக்கரத்தின் மேல் விழும்போது அந்தப் பக்க ஸ்ட்ரட் டவர், அதாவது சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டின் தலை பூட்டியிருக்கும் தகட்டு மேடு, உள்நோக்கிச் சாயப் பார்க்கும். சாய்வு மிகச் சிறியதுதான், ஆனால் சக்கரத்தின் கேம்பர் கோணமும் அதோடு நகர்ந்துவிடும். கூடு முறுக்கிக்கொண்டால் அதுவும் ஒரு ஸ்பிரிங்தான். மற்ற ஸ்பிரிங்குகளை அடக்க ஷாக் அப்சார்பர் இருக்கிறது, இதற்கு ஒன்றுமில்லை. வளைவில் ஸ்டீயரிங் சொன்னதை வண்டி ஒரு கணம் தாமதமாகக் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

மும்பையில் இந்தக் கூட்டுக்கு முதல் எதிரி துரு. கடல் காற்று ஒரு பக்கம், நான்கு மாத மழை ஒரு பக்கம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. குர்லாவிலும் சயானிலும் கார்கள் கூரை வரை மூழ்கின. இந்த பாலியோவுக்கு அப்போது மூன்று வயது. அன்றைக்கு அது எங்கே நின்றது என்று முந்தைய உரிமையாளரைக் கேட்டுப் பாருங்கள். உண்மை சொல்வார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கிங்ஸ் சர்க்கிளில் ஆண்டுதோறும் தேங்கும் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டிகளுக்கும் இதே சந்தேகம் பொருந்தும்.

சோதிப்பதற்கு அரை நாள் போதும். முன் சீட்டுகளைக் கழற்றி, கார்ப்பெட்டை முழுசாகத் தூக்குங்கள். அதன் அடியில் இருக்கும் பஞ்சு ஈரமாக இருந்தால் தரைத்தகடு அழுகத் தொடங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும், அவற்றில் மெல்லிய கம்பியை விடுங்கள். சேறு வந்தால் உள்ளே பல வருஷமாக ஈரம் நின்றிருக்கிறது. ஸ்க்ரூட்ரைவரின் பிடியால் சில்லைத் தட்டிக்கொண்டே போனால், நல்ல தகடு கணீரென்று சொல்லும், அழுகிய இடம் பொத்தென்று அமுங்கும். சின்னக் காந்தம் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டிதான் இருக்கிறது. பிறகு பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் டவர்களின் தலையைச் சுற்றி டார்ச் அடியுங்கள். மயிரிழை விரிசலோ, பெயின்ட் கோடுபோல உரிந்த இடமோ தெரிந்தால் அங்கே பார் பூட்டுவது பொருளற்றது. கடைசியாக, முன்பக்க மூலை ஒன்றை மட்டும் கம்பெனி சொன்ன ஜாக்கி இடத்தில் தூக்கி, நான்கு கதவுகளையும் திறந்து மூடுங்கள். தரையில் நிற்கும்போது சரியாக மூடிய கதவு இப்போது உரசினாலோ, பூட்டு சேரவில்லை என்றாலோ, கூடு தளர்ந்திருக்கிறது.

துரு கண்டால் பணம் முதலில் அங்கே போகட்டும். அழுகியதை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து, சிஓ2 வெல்டிங்கில் சேர்க்கச் சொல்லுங்கள். கேஸ் வெல்டிங் வேண்டாம். அதன் சூடு பரவி, வெளித்தகடு நெளியும், சுற்றியுள்ள இரும்பின் பலமும் இறங்கும். வெல்டு வைத்த இடத்தில் பழைய பாதுகாப்புப் பூச்சு எரிந்துபோயிருக்கும். ஜிங்க் பிரைமர், சீலர், சில்லுக்கு உள்ளே மெழுகு ஸ்ப்ரே, இந்த மூன்றும் இல்லாத வெல்டு அடுத்த மழைக்குத் தாங்காது. தாராவியில் தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய பட்டறைகளில் கை சுத்தமான டிங்கர்கள் இருக்கிறார்கள், நம்மவர்களும் உண்டு. ஆனால் ஜிங்க் பிரைமரை நீங்களே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுங்கள், அடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

அடுத்து புஷ். இருபது வருஷத்து வண்டியில் 'பாடி ஆடுகிறது' என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு ரப்பர் செய்யும் வேலை. லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட், ஆன்டி ரோல் பார் லிங்க், எஞ்சின் மவுன்டிங் ஆகியவற்றைப் பாருங்கள். கடப்பாரை நுனியால் நெம்பினால் ஆர்ம் தாராளமாக ஆடுகிறதா? மாற்றுங்கள். குர்லா சிஎஸ்டி ரோட்டில் பழைய கார்களின் உறுப்புகள் கிடைக்கும், ஆனால் ரப்பரை மட்டும் அங்கே வாங்காதீர்கள். பழைய ரப்பரைக் கழற்றிவிட்டு இன்னொரு பழைய ரப்பரைப் பூட்டி என்ன பயன்? டயருக்கும் வயது பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஐந்தாறு வருஷம் தாண்டிய டயரில் ஓட்டிக்கொண்டு சேஸியைக் குறை சொல்ல முடியாது.

இவ்வளவும் முடிந்த பிறகும் ஆசை இருந்தால், இரண்டு டவர்களையும் இணைக்கும் முன் ஸ்ட்ரட் பார் ஒன்று போடலாம். ஹோண்டா, மிட்சுபிஷி கார்களுக்கு ஜப்பானின் குஸ்கோ, மலேசியாவின் அல்ட்ரா ரேசிங் போன்ற கம்பெனிகளின் பார்கள் உண்டு. பாலியோவுக்குப் பெரும்பாலும் பட்டறையில்தான் அடித்துக்கொள்ள வேண்டும். அடிக்கச் சொல்லும்போது மூன்றை வலியுறுத்துங்கள். குழாய் முடிந்தவரை நேராக ஓட வேண்டும். எஞ்சினுக்கு மேலே வில்லாக வளைத்த பார் தள்ளுவிசை வந்ததும் தானே வளைந்து கொடுக்கும். இரண்டு முனையிலும் கீல்போல போல்ட் வைத்த மலிவு மாடல் வேண்டாம், குழாயும் தட்டும் ஒரே வெல்டாக இருக்கட்டும். தட்டு உட்கார்ந்த பிறகு நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் தட்டு தடிமன் அதிகம், அந்த நட்டு ஒரு நாள் கழன்றுவிடும். பூட்டும்போது வண்டி ஜாக்கியில் தொங்காமல் நான்கு சக்கரத்திலும் சமதரையில் நிற்கட்டும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு பக்கம் அடிபட்டால் இந்தப் பார் அடியை மறுபக்க டவருக்கும் கொண்டுபோகும்.

அடிச்சட்டங்கள் மும்பைக்குச் சரிவராது. பேவர் பிளாக் பெயர்ந்த சாலையிலும், சொசைட்டி வாசல் வேகத்தடையிலும் முதலில் அடி வாங்குவது அவைதான். ரோல் கேஜ் பந்தய வண்டிக்கானது. ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருந்தால், சின்ன மோதலிலும் மண்டை உடையலாம். இணைப்புகளுக்கு வரிசையாக வெல்டு வைப்பது உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் அதற்கு எஞ்சின், கண்ணாடி, வயரிங் எல்லாம் இறக்கி வெறும் கூடாக்க வேண்டும். மோதலில் மடிந்து உங்களைக் காக்க வேண்டிய முன்பகுதியில் தெரியாத கை வெல்டு வைத்தால் அது மடியாது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொன்னது. போல்ட்டில் கழற்றி மாட்டும் பார் அந்த விவரங்களைத் தொடுவதில்லை. வெட்டி ஒட்டிய கூடு வேறு கதை. பதினைந்து வருஷம் தாண்டிய உங்கள் வண்டி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஃபிட்னஸுக்கு நிற்க வேண்டியது என்பதை மறக்காதீர்கள். பார் போட்டாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ஆக, செம்பூர் அன்பரே, முப்பதாயிரத்தைத் துருவுக்கும் ரப்பருக்கும் ஒதுக்குங்கள், மீந்தால் பார். துரு வேலையை மழைக்கு முன், மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். பார் அக்டோபரில் வாங்கினாலும் போதும்.