விழும் பந்தை அசைய வைப்போம்

மாணவர்களே, நண்பர்கள் கைப்பேசியில் அனுப்பும் குட்டி அசைபடங்களைத் தினமும் பார்க்கிறீர்கள். ‘ஜிஃப்’ என்று அழைக்கப்படும் அந்த வகைப் படம் ஒன்றை இந்த வாரம் நாமே செய்வோம். மேசை உயரத்திலிருந்து ஒரு பந்து விழ வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு படத்திலும் பந்தை எந்த இடத்தில் வரைவது? இதற்கான விடையை மென்பொருள் சொல்லாது. உங்கள் இயற்பியல் பாடம் சொல்லும்.

அசைவு எங்கே இருக்கிறது?

அசைபடத்தில் உண்மையில் எதுவும் அசைவதில்லை. சற்றே வேறுபட்ட நிலைப்படங்கள் அடுத்தடுத்துத் தோன்றுகின்றன. நம் மூளை அவற்றை இணைத்து ஓர் அசைவாக உணர்கிறது. 1832ஆம் ஆண்டில் பெல்ஜிய அறிவியலாளர் ஜோசஃப் பிளாட்டோ, படங்கள் வரைந்த வட்டத் தட்டு ஒன்றைச் சுழற்றி இதைக் காட்டினார். ஜிஃப் கோப்பு முறை 1987இல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் உருவானது. ஒரே கோப்பில் பல படங்களையும், ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற குறிப்பையும் அதில் வைக்கலாம். ஒரு படத்தில் 256 வண்ணங்கள் வரைதான் இருக்கலாம் என்பதால், நம் பந்தைப் போன்ற எளிய ஓவியத்துக்கு அது நன்றாகப் பொருந்தும்.

பந்து எப்படி விழுகிறது?

கைவிடப்பட்ட பந்து சீரான வேகத்தில் விழுவதில்லை. புவியீர்ப்பு அதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. சமமான கால இடைவெளிகளில் அது கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் வளரும். கலிலியோ 1638இல் வெளியான தம் நூலில் இதை விளக்கினார். டிக்கர் டைமர் சோதனையில் நாடாவில் புள்ளிகள் விலகிக்கொண்டே போவதும் இதே முடுக்கத்தால்தான்.

நம் படத்தில் 1 பங்கு என்பது 20 பிக்சல். ஆகவே இடைவெளிகள் 20, 60, 100, 140. மொத்தம் 320 பிக்சல்.

செய்முறை

‘கிம்ப்’ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துவோம்.

1. ‘ஃபைல்’ பட்டியில் ‘நியூ’ கொடுத்து, 200 பிக்சல் அகலமும் 400 பிக்சல் உயரமும் உள்ள வெள்ளைப் படத்தைத் திறங்கள். அடியில் 30 பிக்சல் உயரத்துக்கு வண்ணம் நிரப்புங்கள். இதுதான் தரை.

2. இந்த லேயரை நான்கு முறை நகலெடுங்கள். இப்போது ஐந்து லேயர்கள் இருக்கும். அடியில் உள்ளதே முதல் படம்.

3. மேலே உள்ள நான்கையும் கண் குறியை அழுத்தி மறைத்துவிட்டு, அடி லேயரைத் தேர்ந்தெடுங்கள். வட்டத் தேர்வுக் கருவியால் ஒரு வட்டம் இழுங்கள். கருவியின் அமைப்பில் அளவை 40, 40 என்றும், இடத்தை 80, 10 என்றும் மாற்றி வண்ணம் நிரப்புங்கள்.

4. அடுத்தடுத்த லேயர்களில் இரண்டாவது எண்ணை மட்டும் 30, 90, 190, 330 என மாற்றிப் பந்தை வரையுங்கள். கடைசிப் பந்து தரையைத் தொடும்.

5. பந்து திரும்பி எழ வேண்டுமே! நான்காம், மூன்றாம், இரண்டாம் லேயர்களை நகலெடுத்து அதே வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக உச்சியில் வையுங்கள். எல்லாக் கண் குறிகளும் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

6. ‘ஃபில்டர்ஸ்’, ‘அனிமேஷன்’, ‘பிளேபேக்’ வழியே ஓட்டிப் பாருங்கள். பிறகு ‘எக்ஸ்போர்ட் அஸ்’ கொடுத்து ஜிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ‘அஸ் அனிமேஷன்’ பெட்டியைக் குறியிட்டு, இடைவெளியை 100 மில்லிநொடி என்று கொடுங்கள்.

ஏன் 100? நான்கு இடைவெளிக்கு 0.4 நொடி. அந்த நேரத்தில் உண்மையான பந்து சுமார் 78 சென்டிமீட்டர் விழும். ஏறக்குறைய ஒரு மேசையின் உயரம்!

ஒப்பிட்டுப் பாருங்கள்

இப்போது இன்னொரு கோப்பு செய்யுங்கள். இம்முறை 10, 90, 170, 250, 330 எனச் சம இடைவெளி கொடுங்கள். தொடக்கமும் முடிவும் நேரமும் அதேதான். ஆனால் பந்து விழுவது போல் இருக்காது. யாரோ கயிற்றில் கட்டி இறக்குவது போல் இருக்கும். முடுக்கம் காணாமல் போனதை உங்கள் கண்ணே கண்டுபிடித்துவிடும். பாடத்துக்காக அசைபடம் செய்து நண்பர்களுக்கு அனுப்புமுன் இதை நினைவில் வையுங்கள். அழகான படமும் தவறான அறிவியலைச் சொல்லக்கூடும்.

நம் முதல் படத்திலும் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. அந்தப் பந்து களைப்பே இல்லாமல் அதே உயரத்துக்கு எழுகிறது. உண்மையான பந்து ஒவ்வொரு மோதலிலும் ஆற்றலை இழக்கும். அது கால் பங்கு உயரம், அதாவது 80 பிக்சல் மட்டும் எழுந்து மீண்டும் தரைக்கு வர எத்தனை படங்கள் வேண்டும்? அவற்றில் பந்து எங்கெங்கே இருக்கும்? தாளில் கணக்கிட்டுவிட்டு வரையுங்கள். கணக்கு சரி என்றால், திரையில் பந்து இயல்பாகவே குதிக்கும்.