பழைய படகு இயந்திரத்தைப் பேணும் முறை

ஆற்றங்கரையை ஒட்டிய தோட்டங்களில், வேலை முடிந்தபின் மீன் பிடிக்கவும் அக்கரைக்குச் சென்று வரவும் சிறு படகு வைத்திருப்போர் உண்டு. அப்படகுகளின் பின்புறம் பொருத்தப்பட்டிருப்பவை பெரும்பாலும் கைமாறி வந்த பழைய இயந்திரங்களே. அவை நன்கு உழைக்கக் கூடியவைதாம். ஆயினும் நடு ஆற்றில் நின்றுவிட்டால், மோட்டார் சைக்கிளைப்போல் இறங்கித் தள்ளிக்கொண்டு போக இயலாது.

இயந்திரத்தை இயக்கியவுடன் அதன் பின்புறத்தைப் பாருங்கள். ஆற்று நீரை இழுத்தே இயந்திரம் தன்னைக் குளிரச் செய்துகொள்கிறது. அந்நீரில் ஒரு பகுதி, சிறு துளை வழியே மெல்லிய தாரையாக வெளிப்படும். தாரை வரவில்லையாயின் உடனே நிறுத்திவிட வேண்டும். "இன்னும் சற்றுத் தொலைவுதானே" என்று ஓட்டினால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். பின்னர் ஆகும் செலவு பழைய இயந்திரத்தின் விலையையே மிஞ்சக்கூடும்.

துளையில் சேறோ பூச்சிக்கூடோ அடைத்துள்ளதா என்று மெல்லிய கம்பியால் குத்திப் பார்க்கலாம். கீழே நீர் புகும் வாயைப் பிளாஸ்டிக் பை மூடியிருக்கவும் கூடும். இவ்விரண்டும் இல்லையெனில் பழுது பெரும்பாலும் நீர்ப் பம்பில் இருக்கும். அதனுள் சுழலும் இறக்கைச் சக்கரம் ரப்பரால் ஆனது. பெரும்பாலும் செயற்கை ரப்பர். நாட்பட்ட ரப்பர் எவ்வாறு இறுகி வெடிக்கும் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை அதைக் கழற்றிப் பார்த்து, இறக்கைகள் விறைத்தோ வெடித்தோ இருந்தால் புதியதை மாட்டுங்கள். இறக்கை உடைந்திருந்தால் அத்துண்டுகளையும் தேடி எடுக்க வேண்டும். இல்லையேல் அவை நீர்வழியை அடைத்துக்கொள்ளும். சோதனைக்காகக்கூட இயந்திரத்தை நீரின்றி இயக்கலாகாது.

பெர்னாம் போன்ற ஆறுகளின் முகத்துவாரப் பகுதியில் கடல் நீர் ஏறும். அங்கு ஓடி வந்த இயந்திரத்தை, நீர் புகும் வாய் நன்கு மூழ்கும்படி நன்னீர்ப் பீப்பாயில் நிறுத்தி, கியர் போடாமல் 10 நிமிடம் ஓடவிட வேண்டும். இதைத் திறந்த வெளியில் செய்க. முன்னதாக விசிறியைக் கழற்றிவிடுவது கைகளுக்குப் பாதுகாப்பு.

டூ ஸ்ட்ரோக் இயந்திரமாயின், பெட்ரோலில் கலக்கும் எண்ணெயின் அளவு முக்கியம். 50க்கு 1 எனக் குறித்திருந்தால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லிலிட்டர்; 25க்கு 1 எனில் 200 மில்லிலிட்டர்.

சற்று நேரம் ஓடி நின்றுவிடுகிறதா? கார்பரேட்டரைப் பிரிக்குமுன் பெட்ரோல் கலத்தின் மூடியிலுள்ள காற்றுத் திருகைப் பாருங்கள். அது மூடியிருந்தால் பெட்ரோல் இறங்காது. இத்திருகைத் திறப்பதற்காகப் பட்டறைக்குப் பணம் அழுதவர்களும் உண்டு!

இயந்திரம் உரக்க இரைந்தும் படகு நகரவில்லையெனில், விசிறி மரக்கட்டையில் மோதி அதன் ஊசி முறிந்திருக்கலாம். பற்சக்கரங்களைக் காப்பதற்காக முறியும்படியே செய்யப்பட்ட ஊசி அது. அவசரத்துக்கு இரும்பாணியை மாட்டினால், அடுத்த மோதலில் ஆணி நிற்கும், பற்சக்கரம் உடையும். இயந்திரத்தை நிறுத்திய பின்னரே விசிறியைத் தொட வேண்டும். மாற்று ஊசிகள் இரண்டும் ஒரு குறடும் எப்போதும் படகில் இருக்கட்டும். அவற்றோடு ஒரு துடுப்பும், ஆளுக்கொரு மிதவை அங்கியும்.