தூது முறிந்த இடம்



நம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பார்க்க வருவோர் 1799 போரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதற்கு முந்திய ஆண்டின் கடிதங்களைப் பற்றிக் கேட்பார் இல்லை.

1798 ஆகஸ்டில் கலெக்டர் ஜாக்சன், கிஸ்தி பாக்கி தொடர்பாக இராமநாதபுரம் வந்து தம்மைச் சந்திக்கும்படி கட்டபொம்மனுக்குக் கடிதம் அனுப்பினார். அனுப்பிவிட்டு அவரே சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார். கட்டபொம்மன் குற்றாலம் போனார், ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். போன இடமெல்லாம் சந்திக்க மறுப்பு. அழைத்தவரே கதவை அடைத்தால் வந்தவர் என்ன நினைப்பார்? செப்டம்பரில் இராமநாதபுரத்தில் ஒருவழியாகச் சந்திப்பு நடந்தது. அங்கும் மணிக்கணக்கில் நிற்க வைத்தே விசாரித்தார்கள். கைகலப்பு மூண்டது; லெப்டினன்ட் கிளார்க் இறந்தார். கட்டபொம்மன் தப்பினார், உடன் வந்த தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

பேச வந்தவரைப் பிடிப்பது சிறிய விஷயமல்ல. பொய்த்தூதன் முஸைலிமாவின் ஆட்களைக்கூட, தூதர்கள் என்பதால் நபி (ஸல்) அவர்கள் விட்டுவிட்டார்கள். ஹுதைபிய்யாவில், தூது சென்ற உஸ்மான் (ரலி) கொல்லப்பட்டார் என்ற வதந்தி பரவியதும் ஸஹாபாக்கள் மரத்தடியில் உயிரைப் பணயம் வைத்து பைஅத் செய்தார்கள். செய்தி பொய்யென்று தெரிந்தது. குறைஷிகளின் தூதர் சுஹைல் வந்தார். போர் நிகழ இருந்த இடத்தில் உடன்படிக்கை எழுதப்பட்டது.

இங்கும் கட்டபொம்மன் சென்னைக்கு முறையிட்டார். விசாரணைக் குழு அமைந்தது, ஜாக்சன் நீக்கப்பட்டார், தானாபதி விடுதலையானார். கும்பினி செய்த அந்த நியாயத்தை மறுக்க வேண்டாம். ஆனால் அடுத்து வந்த லூஷிங்டன் மீண்டும் பாக்கி கேட்டும், நேரில் வரச் சொல்லியும் எழுதினார். ஒருமுறை அழைப்பை நம்பிப் போய்த் தப்பியவர் மறுபடி எப்படிப் போவார்?

1799 செப்டம்பர் 5-இல் மேஜர் பானர்மேன் கோட்டைக்கு வெளியே நின்று அனுப்பிய செய்தி, சரணடையச் சொன்னது. அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கு.