ஒரு சொல் தீர்ப்புகள்

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஓய்வு நேரத்தில் காதில் விழும் பேச்சு பெரும்பாலும் தீர்ப்பாகவே இருக்கும். “அந்தப் படம் மொக்கை.” “புதுப் பாட்டு செம.” “அந்த கேமை வாங்காதே, காசு வீண்.” நீதிமன்றத்தில் ஒரு வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல மாதக்கணக்கில் ஆகலாம், இங்கே மூன்று நொடி போதும். இதில் தவறு ஒன்றும் இல்லை. நண்பர்களுக்குள் பேசிக்கொள்ளும்போது ஆய்வுக் கட்டுரையா வாசிக்க முடியும்? ஆனால், அந்த ஒரு சொல்லை நம்பி இன்னொருவர் தம் சேமிப்பைச் செலவிடுகிறார். அல்லது ஒரு படத்தைப் பார்க்காமலேயே விட்டுவிடுகிறார். சொன்னவர் எதை வைத்து அப்படிச் சொன்னார் என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்ற கணினி விளையாட்டின் கதை இதற்கு நல்ல சான்று. இங்கிலாந்தைச் சேர்ந்த ‘ஹலோ கேம்ஸ்’ என்னும் சிறிய நிறுவனம் 2016 ஆகஸ்டு மாதம் இதை வெளியிட்டது. விண்கலத்தில் ஏறி, கோள் கோளாகப் பயணம் செய்வதே இந்த விளையாட்டு. இதில் உள்ள கோள்களின் எண்ணிக்கையைக் கேட்டால் தலை சுற்றும். 18 என்று எழுதி, அதன் பின்னால் 18 சுழியங்களைச் சேர்த்தால் வரும் எண்ணைவிடவும் அது அதிகம்! யாரும் உட்கார்ந்து இவற்றை ஒவ்வொன்றாக வரையவில்லை. கணிதச் சூத்திரங்களைக் கொண்டு கணினியே மலைகளையும் கடல்களையும் விலங்குகளையும் உருவாக்கிக்கொள்கிறது.

வெளியீட்டிற்கு முன் எதிர்பார்ப்பு வானளவு இருந்தது. விளையாடத் தொடங்கியதும் ஏமாற்றம் மிஞ்சியது. பேட்டிகளிலும் முன்னோட்டங்களிலும் பேசப்பட்ட பல வசதிகள் அதில் இல்லை. முதல் நாட்களிலேயே இரண்டு ஆட்டக்காரர்கள் ஒரே கோளில் ஒரே இடத்திற்கு வந்து நின்றார்கள்; ஆனால், ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவே இல்லை. விளையாட்டை வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். கண்டனங்கள் குவிந்தன.

நிறுவனம் பதிலுக்குப் பதில் பேசவில்லை, வேலையைத் தொடர்ந்தது. அடுத்தடுத்துப் புதிய பதிப்புகள் வந்தன. ஏற்கெனவே வாங்கியவர்கள் அவற்றுக்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 2018 ஜூலையில் வந்த பதிப்பில் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்து, சேர்ந்து விளையாட முடிந்தது. விளையாட்டுகளை விற்கும் ‘ஸ்டீம்’ தளத்தில் ஒரு காலத்தில் எதிர்மறைக் கருத்துகளால் நிரம்பி வழிந்த இதே விளையாட்டு, 2024இல் ‘மிகவும் நேர்மறை’ என்ற நிலையை எட்டியது.

அப்படியானால், 2016இல் திட்டியவர்கள் தவறு செய்தார்களா? இல்லை. அவர்கள் கையில் இருந்த விளையாட்டைப் பற்றி அவர்கள் சொன்னது உண்மை. இன்று பாராட்டுபவர் சொல்வதும் உண்மையே. பெயர் ஒன்றானாலும் பொருள் மாறிவிட்டது. ஆகவே, ஒரு கணினி விளையாட்டைப் பற்றிய கருத்துக்குத் தேதி தேவைப்படுகிறது. பழைய பாற்கலத்தில் இருக்கும் காலாவதி தேதியைப் போல என்றுகூடச் சொல்லலாம். ‘ஸ்டீம்’ தளம் இன்னொன்றையும் செய்கிறது. கருத்து எழுதியவர் அந்த விளையாட்டை எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பதையும் அருகிலேயே காட்டிவிடுகிறது. அரை மணி நேரம் விளையாடியவரின் ‘வீண்’ என்ற சொல்லும் முந்நூறு மணி நேரம் விளையாடியவரின் ‘வீண்’ என்ற சொல்லும் ஒரே எடை கொண்டவை அல்ல. (முந்நூறு மணி நேரம் விளையாடிவிட்டு ‘வீண்’ என்று சொல்பவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்!)

திரைப்படங்களுக்கு வருவோம். ‘ரோட்டன் டொமேட்டோஸ்’ தளத்தில் ஒரு படம் 90 விழுக்காடு பெற்றால், அதைத் தேர்வில் பெற்ற 90 புள்ளிகளாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது அப்படியன்று. நூறு விமர்சகர்களுள் 90 பேர் அந்தப் படத்தைப் பற்றி நல்லவிதமாக எழுதியிருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். எல்லா விமர்சகர்களும் ‘பரவாயில்லை, பார்க்கலாம்’ என்று மட்டும் எழுதினாலும் அந்தப் படம் 100 விழுக்காடு வாங்கிவிடும். பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடி, மீதிப் பேர் வெறுத்த படமோ 50இல் நிற்கும். எண் துல்லியமாகத் தோன்றுவதால் அது சொல்லும் செய்தியும் துல்லியமாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

சில நேரங்களில் வாதாடும் இருவரும் ஒரே படத்தைப் பார்த்தார்களா என்பதே ஐயம். மலேசியத் தமிழரைக் கதைக்களமாகக் கொண்ட ‘கபாலி’ 2016 ஜூலையில் வெளிவந்தது. தமிழ்நாட்டில் திரையிடப்பட்ட பதிப்பில், கபாலிக்கு என்ன ஆயிற்று என்பதை நேரடியாகக் காட்டாமல் ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு படம் முடியும். மலேசியத் திரையரங்குகளிலோ, அவர் காவல்துறையிடம் சரணடைந்தார் என்ற செய்தி திரையில் எழுத்தாக வந்தது. “முடிவு சரியில்லை” என்று கோலாலம்பூரில் இருப்பவரும் “முடிவுதான் அருமை” என்று சென்னையில் இருப்பவரும் மணிக்கணக்கில் சண்டை போடலாம். இருவரும் பேசுவது வெவ்வேறு முடிவுகளைப் பற்றி!

பாடல்களில் இந்தச் சிக்கல் வேறு விதமாக வரும். மலேசியாவின் யோகி பி – நட்சத்திரா குழுவினர் 2006இல் ‘மடை திறந்து’ பாடலைச் சொல்லிசையாக மாற்றி வெளியிட்டார்கள். அதன் மூலப் பாடல் இளையராஜா இசையமைத்த ‘நிழல்கள்’ படத்தில், 1980இல் வந்தது. மூலப் பாடலோடு வளர்ந்த ஒரு தந்தை புதியதைக் கேட்டால், அவர் மனத்தில் உடனே எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் வந்து நிற்கும். மகளுக்கோ அந்த ஒப்பீடே இல்லை; அவள் தாளத்தையும் சொற்களின் வேகத்தையும் கேட்கிறாள். ‘பழசுதான் நல்லது’, ‘புதுசுதான் நல்லது’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சு நகராது. ‘எதனோடு ஒப்பிடுகிறீர்கள் அப்பா?’ என்று கேட்டால், இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்கும் வாய்ப்பாவது கிடைக்கும்.

உள்நாட்டுப் படைப்புகளுக்கு ஒரு சொல் தீர்ப்பு இன்னும் கூடுதலாக வலிக்கும். முதல் சில நாட்களில் கூட்டம் வராவிட்டால், திரையரங்குகள் காட்சிகளைக் குறைத்துவிடும். பெரிய நடிகரின் படத்தை எதிர்மறைக் கருத்துகள் எளிதில் சாய்த்துவிடா. விளம்பரத்திற்கே வழியில்லாத சிறிய படம் முதல் வாரத்திலேயே மறைந்துவிடலாம். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ 2015 டிசம்பரில் திரைக்கு வந்தது. 1990களில் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு நடுவே வளரும் அப்போய் என்ற 12 வயதுச் சிறுவனின் கதை அது. பெரிய நடிகர் இல்லை; வெளிநாட்டுக் காட்சிகள் இல்லை. மறு ஆண்டு, 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக அது தேர்வு பெற்றது.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வரும் மாணவர் “மொக்கை” என்றோ “செம” என்றோ சொல்லலாம். அல்லது இப்படியும் சொல்லலாம்: “கொஞ்சம் மெதுவாகப் போகும். எல்லாரும் நம் ஊர்த் தமிழ்தான் பேசுகிறார்கள். அப்பா அடிக்கும் காட்சிகள் இருக்கின்றன. சின்னத் தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு போகாதே.” இதைச் சொல்லவும் பத்து நொடிக்கு மேல் ஆகாது. மெதுவாகப் போகும் படம் பிடிக்காதவர் வீட்டிலேயே இருந்துகொள்வார். நம் ஊர்த் தமிழைத் திரையில் கேட்க ஆசைப்படுபவர் நுழைவுச்சீட்டு வாங்கப் போவார்.