தகப்பன் கைவிட்டாலும் பிள்ளையின் உரிமை போகாது

கேள்வி: வக்கீலம்மா, நானும் அவரும் கல்யாணம் செய்துகொள்ளாமல் மதுரையில் வாடகை வீட்டில் சேர்ந்து வாழ்ந்தோம். இருவரும் இந்துக்கள். மகனுக்கு நான்கு வயது. போன வருடம் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நான் வாடிப்பட்டியில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு தையல் வேலைக்குப் போகிறேன். செலவுக்குக் கேட்டால், "கேஸ் போட்டால் பையனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம்" என்று அவர் வீட்டார் மிரட்டுகிறார்கள். ஊர்ப் பெரியவர்களோ, "ஒரு தொகை வாங்கித் தருகிறோம், எழுதிக் கொடுத்துவிடு" என்கிறார்கள். எல்.கே.ஜி. சேர்க்கப் போனால் தகப்பன் பெயர் கேட்கிறார்கள். என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வாடிப்பட்டி

பதில்: முதலில், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "இனி எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து அனுப்பிவிடுவார்கள். ஆஸ்பத்திரிச் செலவிலும் ஸ்கூல் பீஸிலும் அது கரைந்துவிடும். ஜீவனாம்சம் பிள்ளையின் உரிமை. அதை விட்டுக்கொடுக்கப் பெற்ற தாய்க்கே அதிகாரம் கிடையாது. ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்ட பெண்களும் பிள்ளைக்காக மனுப் போடலாம்.

பையனைத் தூக்கிப் போவோம் என்பது வெறும் மிரட்டல். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 6-ஆவது பிரிவின்படி, திருமணமில்லாமல் பிறந்த குழந்தைக்கு முதல் காப்பாளர் தாய்தான். தாய்க்குப் பிறகே தகப்பன். மீறித் தூக்கிப் போனால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுப் போடலாம். பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்டு அவர் நீதிமன்றம் போகலாம். பிள்ளையின் நலனைப் பார்த்தே நீதிபதி முடிவு செய்வார்.

ஜீவனாம்சத்துக்கு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவுக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு நடைமுறையில் இருக்கிறது. திருமணத்தில் பிறந்த பிள்ளை, திருமணமில்லாமல் பிறந்த பிள்ளை என்ற பேதம் இதில் இல்லை. நீங்கள் திருப்பூருக்கு அலைய வேண்டாம். கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த மதுரையிலேயே வழக்குப் போடலாம். இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்கள். அவருக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிந்தவரை அதை முடிவு செய்யவேண்டும் என்கிறது சட்டம். உத்தரவுக்குப் பிறகும் பணம் கட்டாவிட்டால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. வாடகை ஒப்பந்தம், பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டு, போட்டோ, வாட்ஸ்அப் செய்தி என எதையும் அழிக்காமல் வையுங்கள். பிள்ளை தன்னுடையதல்ல என்று அவர் சாதித்தால் டி.என்.ஏ. பரிசோதனை கேட்கலாம்.

பள்ளியில் காப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். மணமாகாத தாய் தகப்பன் பெயரை வெளியிடாமலே காப்பாளராகலாம், அவரது பிரமாணப் பத்திரத்தின் பேரில் பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-இல் திருச்சி மாநகராட்சி வழங்கிய ஒரு பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர்ப் பகுதியை வெறுமையாக விடச் சொன்னது நம் மதுரைக் கிளைதான்.

சொத்து விஷயம் கடினம். உங்கள் சொத்து மகனுக்கு வரும். தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொத்தில் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவனுக்குப் பங்கு கேட்பது சிரமம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நண்பர்கள் முன்னால் மாலை மாற்றினீர்களா? மோதிரம் போட்டாரா? தாலி கட்டினாரா? தமிழ்நாட்டில் இந்து திருமணச் சட்டத்துக்கான 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, புரோகிதர் இல்லாமல், ஒருவரையொருவர் துணையாக ஏற்று அப்படிச் செய்வதும் செல்லுபடியாகும் திருமணமே. அப்படி ஏதாவது நடந்திருந்தால் உங்கள் வழக்கே வேறு. காப்பாளர் பற்றி மேலே சொன்னதும் மாறும். மனுப் போடுவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வக்கீல் பீஸுக்கு எங்கே போவது என்று தயங்காதீர்கள். பெண் என்ற ஒன்றே போதும், வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மதுரை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.