விரிப்பை மடிப்பது கையா, மெசினா?
சலவைத் தொழிலில் முதலிடுமுன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

துணி கழுவ மெசின் வேண்டும் என்பதை இன்று எவருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் கழுவி, பிழிந்து, அயன் செய்து வரும் விரிப்பை மடிப்பதற்கும் மெசின் உண்டு என்பதையும், பெரிய சலவை ஆலைகளில் இலாபமும் நஷ்டமும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தீர்மானிக்கப்படுகின்றன என்பதையும் எமது வியாபாரிகளில் பலர் கவனிப்பதில்லை.

கொழும்பில் இத்தொழிலுக்கான தேவை கண்முன்னே தெரிகிறது. 1864இல் ஆரம்பமான காலிமுகத்திடல் ஹோட்டல் தொடக்கம் 2017இல் திறக்கப்பட்ட ஷங்ரி-லா, 2024இல் திறக்கப்பட்ட ஐ.டி.சி. ரத்னதீப வரை நட்சத்திர ஹோட்டல்கள் வரிசையாக நிற்கின்றன. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மெரின் டிரைவுக்கும் இடையில் கெஸ்ட் ஹவுஸ்களும் சிறு ஹோட்டல்களும் உள்ளன. கொட்டாஞ்சேனையில் கல்யாண மண்டபங்களும் விடுதிகளும் உள்ளன. ஒரு காலத்தில் துணி உற்பத்தி செய்த வெள்ளவத்தை நெசவாலையின் காணியில் இன்று ஹெவ்லொக் சிட்டி தொடர்மாடிகள் எழுந்திருக்கின்றன. துணி நெய்த ஊர் இப்போது துணி வெளுக்கும் ஊராகி விட்டது என்று சொன்னாலும் பிழையில்லை.

இந்நிலையில் சிறிய லோன்றி வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. “மடிக்கும் மெசின் வாங்கினால் ஆட்செலவு குறையுமா?” இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் கூற முடியாது. முதலில் மெசின் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம்.

மெசின் செய்யும் வேலை

பெரிய சலவை ஆலையில் விரிப்பு நான்கு கட்டங்களைக் கடக்கிறது. முதலாவது, கழுவிப் பிழிதல். இரண்டாவது, ஈரமான விரிப்பின் இரு மூலைகளையும் பிடித்து விரித்து உள்ளே கொடுத்தல். மூன்றாவது, சூடான உருளைகளுக்கிடையில் சென்று உலர்ந்து அயனாதல். நான்காவது, மடித்து அடுக்குதல்.

மடிக்கும் மெசினில் நாடாக்கள் போன்ற பட்டிகள் விரிப்பைச் சுமந்து செல்கின்றன. விரிப்பின் முன் விளிம்பும் பின் விளிம்பும் ஒளிக்கண் ஒன்றைக் கடக்கும்போது மெசினுக்குள் இருக்கும் சிறு கணினி அதன் நீளத்தைக் கணக்கிடுகிறது. சரியான இடம் வந்ததும் அழுத்தக் காற்று பீய்ச்சி விரிப்பை மடக்குகிறது. சில மெசின்களில் காற்றுக்குப் பதிலாக மெல்லிய தகடு ஒன்று விரிப்பை இரு உருளைகளுக்கிடையே தள்ளிவிடும். முதலில் நீளவாக்கில் மடிப்பு, பின்னர் குறுக்கு மடிப்பு. இறுதியில் மடித்தவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. கறை உள்ளதையும் கிழிந்ததையும் ஊழியர் ஒரு பொத்தானை அழுத்தி வேறு பக்கம் ஒதுக்கி விடலாம்.

துவாய்க்கு வேறு மெசின். துவாயை உருளையில் அயன் செய்வதில்லை. உலர்த்தியில் இருந்து எடுத்த துவாயை ஒருவர் மேசையில் வைத்தால் மெசின் இழுத்து மடித்துத் தரும்.

டென்மார்க்கின் ஜென்சன், ஜேர்மனியின் கன்னகீசர், ஸ்பெயினின் ஹிர்பாவ், அமெரிக்காவின் சிக்காகோ டிரையர் போன்றவை இத்துறையில் பெயர்பெற்ற கம்பனிகள். இந்தியாவில் பெங்களூரின் ராம்சன்ஸ் போன்ற கம்பனிகளும் சலவை மெசின்கள் செய்கின்றன.

வேகத்தின் கணக்கு

இனி விடயத்துக்கு வருவோம். மடிக்கும் மெசின் தனியாக உழைப்பதில்லை. அயன் உருளை எவ்வளவு வேகமாக விரிப்பை வெளியே தருகிறதோ அந்த அளவுக்கே அதற்கு வேலை கிடைக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். உங்களிடம் நிமிடத்துக்கு 3 மீற்றர் ஓடும் சிறிய உருளை இருக்கிறது. விரிப்பின் நீளம் 2.8 மீற்றர். ஒரு விரிப்பு வெளியே வர ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். மணித்தியாலத்துக்கு 55 விரிப்புகள் என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு விரிப்பை 40 செக்கனில் மடித்தால் மணித்தியாலத்துக்கு 90 விரிப்புகளை மடித்து விடுவார்கள். அதாவது மடிப்பவர்கள்தான் உருளைக்காகக் காத்து நிற்கிறார்கள். இங்கே மடிக்கும் மெசின் வாங்கினால் அதுவும் காத்து நிற்கும். முதலிட்ட பணமும் அதோடு சேர்ந்து காத்து நிற்கும்.

இப்போது நிமிடத்துக்கு 20 மீற்றர் ஓடும் பெரிய உருளையை எடுங்கள். விரிப்புகளுக்கிடையே அரை மீற்றர் இடைவெளி விட்டாலும் நிமிடத்துக்கு 6, மணித்தியாலத்துக்கு 360 விரிப்புகள் வெளியே கொட்டும். கையால் மடிப்பதானால் நான்கு சோடி, அதாவது எட்டுப் பேர் தேவை. இங்கேதான் மடிக்கும் மெசின் தன் விலையைச் சம்பாதிக்கிறது.

அடுத்து, உங்களுக்கு அந்த அளவு துணி வருகிறதா? 15 அறைகள் கொண்ட 20 கெஸ்ட் ஹவுஸ்கள் உங்கள் வாடிக்கையாளர்கள் என்று கொள்வோம். மொத்தம் 300 அறைகள். 60 வீதம் நிரம்பினால் 180 அறைகள். அறைக்கு இரண்டு விரிப்பு என்றால் நாளொன்றுக்கு 360. சிறிய உருளைக்கு இது ஆறரை மணித்தியால வேலை, ஒரு முழு நாள். பெரிய உருளைக்கும் மடிக்கும் மெசினுக்கும் ஒரேயொரு மணித்தியால வேலை. மிகுதி நேரம் மெசின் சும்மா நிற்கும், தவணைப் பணம் மட்டும் சும்மா நிற்காது.

ஆட்செலவு எவ்வளவு மிச்சம்?

மாதச் சம்பளத்தின் தேசிய ஆகக்குறைந்த தொகை 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபா என்றும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா என்றும் சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்டது. அதன்மேல் தொழில் தருநர் செலுத்தும் ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம். ஆக ஒருவருக்குக் குறைந்தது 34,500 ரூபா. கொழும்பில் இத்தொகைக்கு ஆள் கிடைப்பது அரிது என்பது உங்களுக்கே தெரியும்.

மெசினால் மூன்று பேரின் வேலை மிச்சமாகிறது என்றால் ஆண்டுக்கு 12 இலட்சத்து 42 ஆயிரம் ரூபா. இதிலிருந்து மின்சாரம், காற்றழுத்தி, பட்டி மாற்றுதல், பராமரிப்பு ஆகிய செலவுகளைக் கழியுங்கள். மிஞ்சுவதால் மெசினின் விலையை வகுத்தால் எத்தனை ஆண்டில் பணம் திரும்பும் என்பது தெரியும். விலை கேட்கும்போது 2024 ஜனவரி முதல் 18 வீதமாக இருக்கும் பெறுமதி சேர் வரி அதில் அடங்குகிறதா என்பதையும் கேளுங்கள்.

மிச்சமாகும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பத்தான் வேண்டும் என்பதில்லை. தரம் பிரித்தல், கறை நீக்குதல், தையல் பழுது பார்த்தல் போன்றவற்றுக்கு இத்தொழிலில் எப்போதும் ஆள் பற்றாக்குறை. நீண்ட நாள் கைபழகிய ஊழியரை இழப்பது மெசின் பழுதாவதைவிடப் பெரிய நஷ்டம்.

முதலில் வாங்க வேண்டியது எது?

அநேகமான சிறு லோன்றிகளுக்கு மடிக்கும் மெசினைவிட முதலில் தேவைப்படுவது நன்றாகப் பிழியும் கழுவும் மெசின். மெதுவாகச் சுழலும் மெசினில் பிழிந்த 100 கிலோ பருத்தித் துணியில் 80 லீற்றர் வரை தண்ணீர் தங்கலாம். வேகமாகச் சுழன்று பிழியும் மெசினில் அது 50 லீற்றர் அளவுக்குக் குறையும். ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாக்க, வெப்பம் சிறிதும் வீணாகாவிட்டாலும், ஏறக்குறைய 0.7 யுனிட் சக்தி வேண்டும். 30 லீற்றருக்கு 21 யுனிட். நாளொன்றுக்கு 300 கிலோ கழுவுபவருக்கு 63 யுனிட்.

2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறியபோது அடிவாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை புரியும். மேலும், ஈரம் குறைந்தால் உருளையை வேகமாக ஓட்டலாம். அதே உருளையில் கூடுதல் விரிப்புகள் வெளிவரும்.

அளவு ஒன்றானால் மெசினுக்கு இலகு

இந்திய ரயில்வே குளிரூட்டிய பெட்டிகளில் பயணிகளுக்கு வழங்கும் விரிப்புகளைக் கழுவ சென்னை பேசின் பிரிட்ஜ் உட்படப் பல இடங்களில் யந்திர சலவை நிலையங்களை வைத்திருக்கிறது. அங்கே மெசினுக்கு இலகு எதனால்? எல்லா விரிப்புகளும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே துணி.

வெள்ளவத்தை கெஸ்ட் ஹவுஸ்களின் நிலை வேறு. ஒவ்வொருவரும் வெவ்வேறு அளவில், வெவ்வேறு துணியில் வாங்குகிறார்கள். கலந்து கொடுத்தால் அடுக்கு கோணலாகும், உரிமையாளர் மாறிப்போகும். கொட்டாஞ்சேனை மண்டபங்களின் மேசை விரிப்புகளில் பொலியெஸ்டர் கலந்தவை பல. பருத்திக்கு வைக்கும் 170, 180 பாகை சூட்டில் அவற்றை ஓட்ட முடியாது. இதற்கு ஒரு வழியுண்டு. விரிப்புகளை லோன்றிக்காரரே ஒரே அளவில் மொத்தமாக வாங்கி, வாடிக்கையாளர்களுக்கு வாடகைக்குக் கொடுத்துக் கழுவியும் தருவது. வெளிநாடுகளில் பெரிய ஆலைகள் பல இம்முறையிலேயே இயங்குகின்றன.

கவனிக்க வேண்டியவை

• அலசல் போதாமல் சவர்க்காரம் தங்கினால் உருளைச் சூட்டில் விரிப்பு மஞ்சளாகும். மிதமிஞ்சி உலர்ந்தால் நிலைமின்சாரம் ஏறி, விரிப்பு ஒட்டிக்கொண்டு மடிப்புக் குலையும். இந்த இரண்டுக்கும் மடிக்கும் மெசினைக் குறை சொல்லிப் பயனில்லை.

• உருளைக்கு முன்னால் விரல் காப்புத் தடையும், இழுத்தவுடன் நிறுத்தும் அவசரக் கயிறும் இருக்க வேண்டும். அவற்றைக் கழற்றிவிட்டு வேகம் தேடக் கூடாது. மெசினின் ஆபத்தான பகுதிகளுக்குக் காப்பு இடுமாறு 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கூறுகிறது. ஒரு விரல் போனால் எந்த இலாபத்தாலும் அதை மீட்க முடியாது.

• எண்ணெய் தேய்க்கும் நிலையங்களின் துவாய்களில் எண்ணெய் முற்றாகப் போகாதிருந்தால், உலர்த்தியில் இருந்து எடுத்துச் சூட்டோடு மடித்து அடுக்கி வைக்கும்போது உள்ளே வெப்பம் கூடித் தானாகவே தீப்பற்றலாம். ஆறவிட்டே மடிக்க வேண்டும். உலர்த்தியின் பஞ்சு வடியை நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும்.

• வைத்தியசாலைத் துணியை ஹோட்டல் துணியோடு கலக்கவே கூடாது. கிருமி நீங்க 65 பாகையில் 10 நிமிடம் அல்லது 71 பாகையில் 3 நிமிடம் துணி முழுவதும் சூடாக இருக்க வேண்டும் என்பது பிரித்தானிய சுகாதார சேவையின் நெறி.

• பாவித்த மெசின் வாங்குவோர் அது 400 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், மூன்று கட்ட மின்சாரத்துக்கு உரியதா, நீராவி தேவையா, உதிரிப்பாகம் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. அதே பட்டிக்கும் அதே ஒளிக்கண்ணுக்கும் ஏறத்தாழ இரு மடங்கு விலை என்பது அதன் பொருள்.

கடனும் காலமும்

2018இல் நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகள் 23 இலட்சத்துக்கு மேல். 2021இல் அது 2 இலட்சத்துக்கும் கீழே போனது. 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. ஹோட்டலை மட்டும் நம்பிப் பெரிய தவணையில் மெசின் எடுப்பவர் இந்த ஏற்ற இறக்கத்தை மறக்கக் கூடாது. மண்டபங்கள், தனியார் வைத்தியசாலைகள், விடுதிகள் என்று வாடிக்கையைப் பரப்பி வைப்பது பாதுகாப்பு.

வட்டியில்லா முறையை நாடுவோருக்கு, 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தத்தின் பின் நாட்டில் வழி திறந்தது. 2011இல் அமானா வங்கி இயங்கத் தொடங்கியது. இஜாரா முறையில் மெசின் எடுப்பதானால், அது நிதி நிறுவனத்தின் சொத்தாக இருக்கும் காலத்தில் காப்புறுதியும் பெரும் பழுதும் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் வாசித்துத் தெளிந்து கொள்ளுங்கள்.

கூட்டாகச் செய்யலாமே!

தனியொரு லோன்றிக்கு நாளைக்கு 360 விரிப்பு. இப்படி ஆறு பேர் சேர்ந்தால் 2,160. பெரிய உருளைக்கும் மடிக்கும் மெசினுக்கும் ஆறு மணித்தியால வேலை. வாடிக்கையாளரைச் சந்திப்பது, எடுப்பது, கொடுப்பது அவரவர் கடையில் நடக்கட்டும். கழுவி மடிப்பது நகருக்கு வெளியே, காணி வாடகை குறைந்த ஓரிடத்தில் பொதுவாக நடக்கட்டும். கழிவுநீருக்கான சுற்றாடல் அனுமதியையும் ஓரிடத்துக்குப் பெறுவது இலகு. பங்கு, கணக்கு, விலகும் முறை ஆகிய மூன்றையும் முதல் நாளே சட்டத்தரணி மூலம் எழுதி வைத்துக் கொண்டால் கூட்டு நிலைக்கும்.

எனவே, விற்பனைப் பிரதிநிதி அழகான படத்தோடு வந்து அமரும் முன், ஒரு வாரம் உங்கள் கடையில் நின்று மூன்று விடயங்களைக் குறித்துக் கொள்ளுங்கள். நாளைக்கு எத்தனை விரிப்பு வருகிறது? உருளை மணித்தியாலத்துக்கு எத்தனை தருகிறது? இருவர் எத்தனை மடிக்கிறார்கள்? முதலாவது ஆயிரத்தைத் தாண்டி, இரண்டாவது மூன்றாவதைவிடப் பெரிதாக இருந்தால் மெசின் விலை கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை நல்ல பிழியும் மெசினிலும் நல்ல ஊழியரிலும் போடுங்கள்.