கொழுப்புத் தடுப்பு மாத்திரை: வாங்கும் முன் படியுங்கள்

எடை குறைக்கத் தரப்படும் ஆர்லிஸ்டாட், குடலில் கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் நொதியைத் தடுக்கிறது. 120 மி.கி. அளவில், சாப்பிட்ட கொழுப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் உடலில் சேராமல் மலத்தோடு வெளியேறுகிறது.

தொல்லையும் அங்கேதான். பூரி, வடை என்று எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டால், அடக்க முடியாத அவசரத்தோடு மலம் வரும். வாயு பிரியும்போதே எண்ணெய் கசிந்து, உள்ளாடையில் ஆரஞ்சு நிறக் கறை படியும். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். எண்ணெயைக் குறைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சாப்பிடாத வேளைக்கும், கொழுப்பே இல்லாத உணவுக்கும் மாத்திரை தேவையில்லை.

ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடலில் சேர்வது குறையும். வைட்டமின் மாத்திரையை இரவு படுக்கும்போது தனியாகப் போடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் ஆர்லிஸ்டாட்டுக்கும் 4 மணி நேர இடைவெளி கட்டாயம். வார்ஃபரின், வலிப்பு மருந்து, சைக்ளோஸ்போரின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும், பித்தம் தேங்கும் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த மருந்தே வேண்டாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அரிதாகக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-ல் எச்சரித்தது. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்நிறமானாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.